வைவாவோடு முடிந்துபோகும் மென்பொருள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் கணினிப் பொறியியல் படித்த பலருக்கு ‘பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம்’ என்றதும் லேப் ரெக்கார்டு நினைவுக்கு வந்துவிடும். புக் பேங்க், தேர்வுப் பதிவு, இ-டிக்கெட், ஸ்டாக் மெயின்டனன்ஸ் ஆகியவற்றோடு அதுவும் லேப் பயிற்சிப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் இருந்துவந்தது. மாணவர் முதலில் தேவை ஆவணம் எழுதுவார். பிறகு யூஸ் கேஸ், கிளாஸ், சீக்வென்ஸ், ஆக்டிவிட்டி என வரிசையாக யூ.எம்.எல். வரைபடங்கள் போடுவார். இதற்கு ஒரு தியரித் தாளும் உண்டு. இறுதியாண்டில் மூன்று நான்கு பேர் கொண்ட பேட்ச் ஒரு ப்ராஜெக்ட் செய்து, ரிவ்யூக்களைக் கடந்து, ரிப்போர்ட் பைண்டு செய்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் முன்னால் வைவாவுக்கு நிற்கும். தியரித் தாள், வரைபட லேப், இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததுதான் நம் கல்லூரிகள் தரும் மென்பொருள் பொறியியல் கல்வி.

இந்தக் கல்வியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: பாடத்திட்டம் பழசு, தொழில்துறையில் புழங்கும் கருவிகள் அதில் இல்லை. இந்தக் குறை மேலோட்டமானது என்றே கருதுகிறேன். கருவிகள் சில ஆண்டுகளில் மாறிவிடும். எந்தப் பாடத்திட்டமும் அவற்றைத் துரத்திப் பிடிக்க முடியாது. உண்மையான குறையைப் பார்க்கும் முன், இந்த முறை எதைச் சரியாகச் செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் கூடிய மாநாடுதான் மென்பொருள் பொறியியல் என்ற துறைக்குப் பெயரும் அடையாளமும் தந்தது. பெரிய மென்பொருட்கள் காலக்கெடுவைத் தாண்டின, செலவைத் தாண்டின, பிழைகளோடு வந்து சேர்ந்தன. கெட்டிக்காரர்கள் நிரல் எழுதினால் மட்டும் போதாது என்பது அங்கே கூடியவர்களின் கவலை. அந்தக் கவலையை நம் வரைபட லேப் தன் அளவில் மாணவருக்குக் கடத்துகிறது. அதுவரை பகா எண்களையும் ஃபிபோனாச்சி வரிசையையும் அச்சிடும் நிரல்களை மட்டுமே எழுதிய மாணவர், பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எடுத்ததும் வேறு மாதிரியான கேள்விகளைச் சந்திக்கிறார். விண்ணப்பதாரர், பாஸ்போர்ட் அதிகாரி, காவல் நிலையம் ஆகிய மூவரில் யார் யாருக்கு எதை அனுப்ப வேண்டும்? காவல்துறை பாதகமான அறிக்கை தந்தால் விண்ணப்பம் எங்கே போய் நிற்கும்? விசாரணைக்கு முன்பே விண்ணப்பதாரர் வீடு மாறிவிட்டால் என்ன செய்வது? சீக்வென்ஸ் வரைபடத்தில் ஒவ்வொரு அம்புக்குறியையும் போடும்போது இவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும். பல மனிதர்களின் வேலை சந்திக்கும் இடம்தான் மென்பொருள் என்பதை மாணவர் முதன்முதலில் உணர்வது இங்கேதான்.

இன்னொரு நன்மை, பொதுவான ஒரு மொழி. திருநெல்வேலியில் படித்தவரும் ஓசூரில் படித்தவரும் ஒரே அலுவலகத்தில் உட்காரும்போது ரெக்வயர்மெண்ட், டெஸ்ட் கேஸ், மாட்யூல் என்றால் என்னவென்று இருவருக்கும் தெரிகிறது. ப்ராஜெக்ட் வைவாவும் சாதாரண விஷயமல்ல. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் மாணவி, தான் செய்ததை முன்பின் அறியாத ஒருவரிடம் விளக்கி, குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்லும் முதல் மேடை அது. இந்த மொத்தக் கல்வியும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில், பெரிய செலவில்லாமல், ஒரே சீராக நடத்தக்கூடிய முறை என்பதையும் மறக்கக் கூடாது.

இனி குறைகள். தியரித் தாளிலிருந்து தொடங்குவோம். பத்து இரண்டு மார்க் கேள்விகள், ஐந்து 13 மார்க் கேள்விகள், ஒரு 15 மார்க் கேள்வி என்ற அமைப்புக்குள் எல்லாம் குறிப்புகளாகச் சுருங்கிவிடுகின்றன. வாட்டர்ஃபால் மாடலைப் படத்துடன் விளக்கு என்பது தவறாமல் எதிர்பார்க்கப்படும் கேள்வி. அந்த மாடலுக்கு மூலமாகச் சொல்லப்படும் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் வின்ஸ்டன் ராய்ஸ் அந்தப் படத்தைப் போட்ட கையோடு, இப்படி ஒரு கட்டத்தை முடித்து அடுத்ததற்குப் போவதென ஒரே போக்கில் செய்வது ஆபத்தானது, தோல்வியை அழைப்பது என்று எச்சரித்தார். புதிய வகை மென்பொருளானால் ஒருமுறை முன்மாதிரியாகச் செய்துபார்த்த பிறகே வாடிக்கையாளருக்கான வடிவத்தைச் செய்ய வேண்டும் என்றார். விடைத்தாளில் கட்டங்களும் அம்புக்குறிகளும் தங்கிவிட்டன, எச்சரிக்கை காணாமல்போனது. அனுபவத்தில் அடிபட்டவர்கள் நடத்திய விவாதம், மனப்பாடம் செய்யும் பட்டியலாகிவிட்டது.

லேபிலும் சிக்கல் உண்டு. மாணவர் போட்ட வரைபடத்தை வைத்து வேறு யாரும் நிரல் எழுதப்போவதில்லை. ஆகவே அதில் தவறு இருந்தாலும் எந்த விளைவும் இல்லை. கோடுகள் நேராக இருக்கின்றனவா, குறியீடுகள் சரியா என்பதே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினாலும் இதே மதிப்பெண் கிடைக்கும்போது, யோசித்துப் போடுபவருக்கு இந்த முறை எந்தக் கூடுதல் பலனும் தருவதில்லை.

இறுதியாண்டு ப்ராஜெக்டில் இது முற்றிவிடுகிறது. நான்கு பேரில் ஒருவர் நிரல் எழுத, ஒருவர் ரிப்போர்ட் தயாரிக்க, ஒருவர் பிபிடி செய்ய, இன்னொருவர் பெயரளவில் இருப்பது எல்லாக் கல்லூரிகளும் அறிந்த நடைமுறை. ரெடிமேடாக ப்ராஜெக்ட் விற்கும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’களும் இந்த முறையின் நிழலில்தான் பிழைக்கின்றன. மாணவர்களின் சோம்பல், ஒழுக்கக்குறைவு என்று மட்டும் இதை விளக்க முடியாது. டெமோ ஓடுகிறதா, ரிப்போர்ட் சொன்ன வடிவத்தில் இருக்கிறதா என்று கடைசி நாளில் மட்டுமே பார்க்கும் மதிப்பீட்டுக்கு, வாங்கிய மென்பொருளும் எழுதிய மென்பொருளும் ஒன்றுதான்.

இந்தக் குறைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றே. மாணவர் எழுதும் மென்பொருளுக்கு மறுநாள் என்பதே கிடையாது. வைவா முடிந்ததும் அது இறந்துவிடுகிறது. அடுத்த பேட்ச் வெற்றுத் திரையிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. பொறியியலோ அந்த மறுநாளில்தான் இருக்கிறது. பயன்பாட்டில் உள்ள மென்பொருள் ஓயாமல் மாறியே தீரும் என்று கணினி அறிவியலாளர் மேயர் லேமன் 1970களிலேயே விதியாக வகுத்துச் சொன்னார். சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் வேலைக்குச் சேரும் பலரின் முதல் பணி மெயின்டனன்ஸ் அல்லது சப்போர்ட். யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன நிரலைப் படித்து, உடைக்காமல் மாற்றும் வேலை அது. நான்காண்டுப் படிப்பில் அதை ஒருமுறைகூட அவர்கள் செய்துபார்த்திருக்க மாட்டார்கள்.

பழைய நிரலைக் கையாளத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1 ஒரு சான்று. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல், எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றத் தவறியது. அந்த ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமலே விட்டுவைத்திருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு சரமாரியாக ஆர்டர்களை அனுப்பியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் சுமார் 44 கோடி டாலர் இழப்பு. புதிதாக எழுதத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்திருப்பார்கள். பழையதை நீக்குவதும், மாற்றத்தை ஒழுங்காகக் கொண்டுசேர்ப்பதும், சரிபார்ப்பதும்தான் தவறிப்போயின.

மாற்று வழி கண்டுபிடிக்கப்படாத ஒன்றல்ல. 1970களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பார்னஸ், வெவ்வேறு மாணவர்கள் எழுதிய மாட்யூல்களை மாற்றி மாற்றிப் பொருத்தி இயங்கவைக்கும்படி தம் வகுப்பை அமைத்தார். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்னிங்கும் டேவிட் வோர்ட்மனும் தங்கள் பாடத்தை ஒரு வணிக விளையாட்டாகவே நடத்தி, 1977இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஒரு குழு எழுதியதை இன்னொரு குழு விலைக்கு வாங்கி, அதை மாற்றியமைக்க வேண்டும். குழப்பமான நிரலை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால், தெளிவாக எழுதுவதன் மதிப்பு பாடம் நடத்தாமலே புரிந்துவிடும்.

இதை நம் கல்லூரிகளில் நடைமுறைப்படுத்தப் புதிய தாளோ புதிய லேபோ தேவையில்லை. வரைபட லேபில், பாஸ்போர்ட் பயிற்சியை முடித்த வாரம், தட்கல் விண்ணப்பத்தையும் சேர்க்கச் சொல்லலாம். எத்தனை வரைபடங்களைத் திருத்த வேண்டியிருந்தது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதவைக்கலாம். நல்ல வடிவமைப்புக்கும் மோசமான வடிவமைப்புக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் அந்த ஒரு பக்கத்தில் தானே கண்டுகொள்வார். இறுதியாண்டில் பாதி பேட்ச்களாவது முந்தைய ஆண்டு ப்ராஜெக்டைக் கையேற்கட்டும். முதல் ரிவ்யூவில் அதை ஓடவைத்துப் பிழைகளைப் பட்டியலிடட்டும். அடுத்ததில் திருத்தி, ஒரு வசதியைக் கூட்டட்டும். கடைசியில் ஜூனியர்களிடம் ஒப்படைக்கட்டும். ஜூனியர்கள் யாரிடமும் கேட்காமல், ஆவணத்தை மட்டும் படித்து அதை நிறுவ முடிந்தால்தான் ரிப்போர்ட்டுக்கு மதிப்பெண்.

எதிர்ப்புகள் எழும். எக்ஸ்டர்னல் வந்ததும் “இதுல என்ன புதுசு?” என்று கேட்பார். முந்தைய பேட்ச் விட்டுச்சென்ற நிரல் படிக்கவே லாயக்கில்லாமல் இருக்கலாம். பல பேட்ச்களுக்கு கைடாக இருக்கும் ஆசிரியரால், நிரலில் யார் எதை எப்போது மாற்றினார் என்று காட்டும் கிட் (Git) வரலாற்றை ஒவ்வொரு பேட்சுக்கும் பார்க்க இயலாது. அந்த வரலாற்றையும் ஜோடிக்க முடியும். இவை நியாயமான கேள்விகளே. முதல் கேள்விக்கு, மதிப்பெண் பட்டியலில் புதுமைக்கு நிகராகப் பராமரிப்புக்கும் இடம் தர வேண்டும். மோசமான நிரல் கிடைப்பதே ஒரு பாடம். வேலையிலும் அதுதான் கிடைக்கும். கடைசி இரண்டு சிக்கல்களுக்கும் எளிய வழி உண்டு: வைவாவில் ஒவ்வொரு மாணவரும் எக்ஸ்டர்னல் சொல்லும் சிறு மாற்றமொன்றை அங்கேயே செய்துகாட்டட்டும். எழுதியவர் யார், வாங்கியவர் யார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இந்த மாற்றம் இன்னும் அவசரமாகிவிட்டது. லேப் பட்டியலில் உள்ள பயிற்சிகளுக்கான ஆவணத்தையும் நிரலையும் அது கேட்டவுடன் தந்துவிடுகிறது. புதிதாக எழுதுவது மலிவாகிவிட்ட காலத்தில், பிறர் எழுதியதைப் படித்து, சந்தேகித்து, சோதித்து, பொறுப்பேற்றுத் திருத்துவதே பொறியாளரின் வேலை. வெற்றுத் திரையிலிருந்து தொடங்கி வைவாவில் முடியும் ப்ராஜெக்ட் அந்தப் பழக்கத்தைத் தராது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். நம் முறை திட்டமிடக் கற்றுத்தருகிறது, பேசக் கற்றுத்தருகிறது. இரண்டையும் காப்பாற்ற வேண்டும். பராமரிக்க அது கற்றுத்தரவில்லை. அதைச் சேர்க்காதவரை இந்தக் கல்வி பாதிதான். தன்னாட்சிக் கல்லூரிகள் இதற்குப் பல்கலைக்கழகத்தின் அடுத்த ரெகுலேஷனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் ஆண்டு ப்ராஜெக்ட் பட்டியலைத் தயாரிக்கும் ஆசிரியர்கள், சென்ற ஆண்டின் சிறந்த ப்ராஜெக்ட்களை அதன் முதல் வரிசையில் சேர்த்துத் தொடங்க வேண்டும்.