பிரசங்கியாரின் சரித்திரமும் கேட்டோரின் சரித்திரமும்

சமயப் பிரசாரகர்களின் வாழ்க்கை வரலாறுகள் நம்மிடையே பெரும்பாலும் இரு நோக்கிலேயே எழுதப்பட்டு வந்துள்ளன. ஒன்று போற்றுவது, மற்றையது தூற்றுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய கிறித்தவப் பிரசங்கிமாரைப் பற்றிய எழுத்துக்களும் இதற்கு விலக்கல்ல. ஒரு சாரார் அவர்களைத் தன்னலந் துறந்த தொண்டர்களாகவும், மறுசாரார் அந்நிய ஆட்சியின் துணைவர்களாகவும் காண்பர். இவ்விரு சாராரும் பேசியவரை மாத்திரமே நோக்குகின்றனர், கேட்டவரை நோக்குவதில்லை. பிரசங்கம் என்பது கேட்போர் இன்றி நிகழாத கலை. ஆதலின், ஒரு பிரசங்கியாரின் வரலாற்று முக்கியத்துவத்தை அவர் கூறியதைக் கொண்டு மாத்திரமன்றி, கேட்டவர்கள் அதனைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதைக் கொண்டும் மதிப்பிடுதல் வேண்டும்.

முதலில் மிசனரி சரித்திரம் என்னும் இலக்கிய வகையை நோக்குவோம். அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினர். உடுவிலில் 1824இல் பெண்கள் விடுதிப் பாடசாலையை நிறுவிய ஹரியற் வின்சிலோ அம்மையார் 1833இல் அங்கேயே காலமானார். அவருடைய கணவர் மைறன் வின்சிலோ, அம்மையாரின் நாட்குறிப்புக்களையும் கடிதங்களையும் ஆதாரமாகக் கொண்டு தொகுத்த சரித்திரம் 1835இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தெய்வ அழைப்பு, கடற்பயணம், அந்நிய மண்ணிற் பட்ட துன்பம், விசுவாசம் தளராத மரணம் என்பன இவ்வகை நூல்களுக்குரிய பொதுவான படிகளாகும். தாய்நாட்டுச் சபையாரின் பக்தியையும் ஆதரவையும் வளர்ப்பதே இவற்றின் நோக்கம். அந்நோக்கத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், இத்தகைய நூல்களில் யாழ்ப்பாணத்து மக்கள் இரட்சிக்கப்பட வேண்டிய கூட்டமாகத் தோன்றும் அளவுக்கு, மறுமொழி கூறும் மனிதராகத் தோன்றுவதில்லை.

மறுமொழியோ வலிமையாகவே வந்தது. வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார், கேட்போரின் மொழியை அறியாத பிரசங்கம் பயனற்றது என்பதை நன்குணர்ந்தவர். அவர் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1843இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். 1874இல் வெளிவந்த விரிந்த பதிப்பு ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டது. கல்லாதார் நாவில் வழங்கியதை நூலேற்றிய இம்முயற்சி, பிரசங்கியார் தம் கேட்போரிடம் மாணவராக அமர்ந்ததற்குச் சான்றாகும். விவிலியத்தைத் தமிழிற் பெயர்க்கும் பணியில் அவருக்குத் துணைநின்றவர் அவருடைய பாடசாலையிலேயே பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராக விளங்கிய நல்லூர் ஆறுமுக நாவலர் ஆவார்.

1847 டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் நாவலர் தம் முதலாவது சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அப்பொழுதும் அவர் பேர்சிவலின் பாடசாலை ஆசிரியரே. 1848இலேயே அப்பதவியினின்றும் விலகினார். இந்நிகழ்ச்சியின் இலக்கிய முக்கியத்துவம் வடிவத்தைச் சார்ந்தது. கோவில்களில் அதுவரை வழங்கிய மரபு புராண படனமாகும். ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லுவார். பொருளின் ஒழுங்கு செய்யுளின் ஒழுங்கையே தழுவிச் செல்லும். பிரசங்கத்திலோ பேசுபவரே ஒரு பொருளைத் தெரிந்து, அதனைப் பகுத்து, நியாயங் கூறி, கேட்போரை நேரே விளித்து, ஒரு செயலுக்குத் தூண்டுகின்றார். கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், கல்வி, சிவபூசை ஆகியன இவ்வாறு தனித்தனிப் பொருள்களாயின. செய்யுளுக்கு உரையாக நின்ற வசனம் இங்கே தன் காலில் நிற்கின்றது. வாரந்தோறும் ஒரு நாள், ஒரு பொருள், ஒரு பேச்சாளர் என்னும் இவ்வொழுங்கு கிறித்தவப் பிரசங்க மேடையிலிருந்து பெறப்பட்டது என்பதை மறுத்தல் அரிது. பெற்றதைச் சைவ சாத்திரப் புலமையாலும் இலக்கணத் தூய்மையாலும் தமதாக்கிக் கொண்டமையே நாவலரின் சாதனை.

நாவலர் சரித்திரங்கள் இத்தொடர்பை எங்ஙனம் கூறுகின்றன? கனகரத்தின உபாத்தியாயர் 1882இல் வெளியிட்ட சரித்திரம் தொடக்கம் இம்மரபில் வந்த நூல்கள் பேர்சிவலை மறைத்துவிடவில்லை. ஆயின், அவை அவரை நாவலரின் புலமைக்குச் சாட்சியாகவே நிறுத்துகின்றன. கொடுத்தவர் என்ற நிலை அவருக்கு அளிக்கப்படுவதில்லை. மிசனரி சரித்திரத்தில் தமிழர் பெற்ற இடம் எதுவோ, ஏறக்குறைய அதுவே இங்கு மிசனரியார் பெறும் இடமாகும். நாவலர் பெரியபுராணத்தை 1852இல் வசனமாக வெளியிட்டார். அடியார் வாழ்வைப் படிப்போர் அதனைப் பின்பற்றுதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். வின்சிலோ தம் மனைவியாரின் சரித்திரத்தைத் தொகுத்த நோக்கமும் அதுவன்றோ? ஒன்றையொன்று எதிர்த்த இரு முகாம்களும் தொண்டர் வாழ்வை ஒரே பயனுக்காகவே வசனத்தில் எழுதின.

பிரசங்கிமார் தம் பணியை அளந்த அளவுகோலும் மீள்பரிசீலனைக்குரியது. டானியல் பூவர் தலைமையில் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. பூவரும் அவ்வாண்டிலேயே காலமானார். மதமாற்றம் என்னும் நோக்கத்துக்குச் செமினரி போதிய பயனளிக்கவில்லை என்ற எண்ணம் அதன் மூடுவிழாவுக்கு ஒரு காரணமாயிற்று. ஆனால், அச்செமினரியிற் பயின்று பின்னர் சைவத்துக்கு மீண்ட சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். மதமாற்றக் கணக்கில் இது நட்டமே. தமிழின் கணக்கிலோ பெரும் பேறு. இவ்வாறே, நாவலரின் துணையோடு பேர்சிவல் உருவாக்கி 1850இல் அச்சான விவிலிய மொழிபெயர்ப்புத் தமிழ்க் கிறித்தவர்களிடையே நிலைபெறவில்லை. எதிர்த்தரப்பார் எடுத்துக்கொண்ட பிரசங்க வடிவமோ நிலைத்தது. பிற்காலத்து மேடைப் பேச்சு, கட்டுரை, கண்டனம் ஆகியவற்றின் தமிழ்நடையில் அதன் சுவட்டைக் காணலாம்.

இவ்விடத்தில் வடிவத்தை மாத்திரம் பாராட்டி அமைந்துவிடுதல் விமர்சனமாகாது. பிரசங்கத்தில் ‘நீங்கள்’ என விளிக்கப்பட்டவர் யாவர் என்ற வினா எஞ்சியுள்ளது. எல்லா மனிதரும் ஓர் இறைவனின் பிள்ளைகள் என்பது மிசனரிமார் பிரசங்கித்த கொள்கை. எனினும், வட்டுக்கோட்டை செமினரியின் தொடக்க காலத்தில் மாணவரின் உணவு விடயத்திற் சாதி ஆசாரத்துக்கு அவர்கள் இடங்கொடுக்க நேர்ந்தது. நாவலரோ சாதி ஆசாரத்தைச் சைவ ஒழுக்கத்தின் ஓர் அங்கமாகவே கொண்டார் என்பதை அவருடைய எழுத்துக்களே காட்டும். முன்னையவரிடம் கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே முரண் இருந்தது. பின்னையவரிடம் அம்முரண் இல்லை, ஆனால் கொள்கையே குறுகியிருந்தது. கோவில் வாயிலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டவரை வண்ணார்பண்ணைப் பிரசங்கத்தின் ‘நீங்கள்’ உள்ளடக்கவில்லை. தமிழ் வசனத்தின் வளர்ச்சியை எழுதுவோர் இவ்வுண்மையை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடுதல் தகாது. பொதுமக்களுக்கென எழுந்த நடை, எந்தப் பொதுமக்களுக்கு எழுந்தது என்பது அந்நடையின் வரலாற்றிலேயே அடங்கும்.

ஆகவே, பிரசங்கிமாரின் சரித்திரங்கள் மீண்டும் எழுதப்படுதல் வேண்டும். பேர்சிவலின் சரித்திரத்தில் நாவலர் உதவியாளராக மட்டுமன்றி எதிர்வாதியாகவும் இடம்பெறவேண்டும். நாவலரின் சரித்திரத்தில் பேர்சிவல் சாட்சியாக மட்டுமன்றி ஆசிரியராகவும் இடம்பெறவேண்டும். இருவர் சரித்திரத்திலும், அழைக்கப்படாது வெளியே நின்று கேட்டோருக்கும் ஓரிடம் அளிக்கப்படுதல் வேண்டும். இது எவருடைய புகழையும் குறைக்கும் முயற்சியன்று. எதிரியிடமிருந்து கற்கும் ஆற்றலும் கற்றதைத் தமதாக்கும் ஆற்றலும் ஒரு சமூகத்தின் உயிர்ப்புக்கு அடையாளங்களாகும். அக்கடனை ஏற்றுக்கொள்ளும் துணிவு நமக்கு வரும்போதுதான், பிரசங்கிமாரின் வாழ்க்கை வரலாறு துதிநூலாக நில்லாது வரலாறாக அமையும்.