உடனிருந்தவர்களின் படம்

2022 ஆகஸ்டில் மார்க் ஸக்கர்பெர்க் ஃபேஸ்புக்கில் ஒரு படம் வெளியிட்டார். ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற மெய்நிகர் தளம் பிரான்சிலும் ஸ்பெயினிலும் திறக்கப்பட்டதை அறிவிக்கும் படம் அது. முன்னால் அவருடைய அவதார், அதாவது கணினியில் வரைந்த உருவம். பின்னால் ஈஃபில் கோபுரமும் பார்சிலோனாவின் தேவாலயம் ஒன்றும் பொம்மை அளவில். கிராஃபிக்ஸ் பல ஆண்டுகள் பின்தங்கியிருப்பதாகச் சொல்லி இணையமே கேலி செய்தது. சில நாட்களில் மெருகேற்றிய முகத்துடன் இன்னொரு படம் வந்தது. முதல் படம் அவசரத்தில் எடுத்தது என்ற விளக்கமும் கூடவே வந்தது.

கேலி செய்தவர்கள் முகத்தின் தரத்தைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் படத்தில் உறுத்துவது வேறு. அதில் அவரைத் தவிர ஆளே இல்லை. நாலு பேர் கூடிப் பழகத்தான் இந்தத் தளம் என்று சொல்லிக்கொண்டு, அதன் அறிமுகப் படத்தில் ஒருவர் மட்டும் நிற்கிறார். மெய்நிகர் உலகில் படம் எடுக்கும் பழக்கத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் படம் தவறவிட்டுவிட்டது.

வெளியுலகில் தாஜ்மகாலைப் படமெடுக்கிறோம். மறுபடி எப்போது வருவோமோ என்ற நினைப்பு அதில் உண்டு. விஆர்சாட் போன்ற மெய்நிகர் தளத்தில் இடம் என்பது ஒரு கோப்பு. நேற்று பார்த்த சூரிய அஸ்தமனம் நாளைக்கும் அதே நிறத்தில், அதே கோணத்தில் காத்திருக்கும். திரும்ப வராதது அன்றைக்கு அங்கே கூடிய ஆட்கள். யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார், யார் தரையில் படுத்துக்கொண்டு சிரித்தார் என்பதெல்லாம் அன்றோடு போய்விடும். விஆர்சாட் கேமராவில் எடுத்த படங்கள் கணினியில் மாதவாரியாகக் கோப்புறைகளில் சேரும். பழைய ஆட்கள் அந்தக் கோப்புறையைத் திறந்து காட்டும்போது நின்று பேசுவது பெரும்பாலும் கூட்டமாக எடுத்த படங்களைப் பற்றித்தான். இயற்கைக்காட்சிகளை வேகமாகத் தள்ளிவிடுவார்கள்.

இடங்களும் நிரந்தரமில்லைதான். ‘உலகம்’ எனப்படும் அந்த இடத்தை உருவாக்கியவர் நினைத்தால் அதை நீக்கிவிடலாம். தளமே மூடப்படலாம். ஃபேஸ்புக் ஸ்பேசஸ் 2019 அக்டோபரில் மூடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் வாங்கி நடத்திய ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச் 10 அன்று நின்றுபோனது. அங்கே வாரந்தோறும் கூடிப் பழகியவர்களுக்கு மிஞ்சியது அவர்கள் எடுத்து வைத்த படங்களும் வீடியோக்களும்தான். இந்தப் பழக்கத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு இது ஒன்றே போதுமான பதில்.

இதில் கலையே இல்லை, பொத்தானை அழுத்துகிற வேலைதான் என்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். 2003இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தின் காலத்திலிருந்தே இதற்கென ஒரு மரபு உருவாகியிருக்கிறது. ஈவா, ஃப்ராங்கோ மாட்டெஸ் என்ற கலைஞர்கள் 2006இலேயே அங்கிருந்த அவதார்களின் உருவப்படங்களைக் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். விஆர்சாட்டில் வெளியாட்கள் உருவாக்கிய விஆர்சிலென்ஸ், வெர்ச்சுவல்லென்ஸ் 2 போன்ற கருவிகளை அவதாரோடு பொருத்திக்கொண்டால் குவியத்தையும் துளையளவையும் மாற்றலாம்; பின்னணியை மங்கலாக்கலாம். ஜோ ஹண்டிங் இயக்கிய ‘வீ மெட் இன் வெர்ச்சுவல் ரியாலிட்டி’ முழுக்க விஆர்சாட்டுக்குள்ளேயே படமாக்கப்பட்ட ஆவணப்படம். 2022 சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. எங்கே நிற்பது, எந்த நொடிக்குக் காத்திருப்பது, எதைச் சட்டகத்துக்கு வெளியே விடுவது என்ற முடிவுகள் இங்கேயும் அதேதான். கண் இருப்பவர்தான் நல்ல படம் எடுக்கிறார்.

இன்னொரு நன்மை எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிகிறது. குடும்பப் படம் எடுக்கும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நகர்ந்துவிடுபவர்கள் உண்டு. தன் முகத்தையோ உடம்பையோ படத்தில் பார்க்கப் பிடிக்காதவர்கள், பிறந்த உடம்போடு ஒத்துப்போகாதவர்கள், நோயால் உருமாறியவர்கள். தானே தேர்ந்தெடுத்த உருவத்தில் இவர்கள் தயக்கமில்லாமல் கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். தன்னைப் பற்றிய படங்களின் தொகுப்பு ஒன்று அவர்களுக்கு முதன்முறையாகக் கிடைக்கிறது. இதைப் பொய்முகம் என்று தள்ளுவது இரக்கமில்லாத வாதம்.

ஆனால் இந்தப் படங்களில் தெரியும் சிரிப்பைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். முகத்தை அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு அவதாரின் முகபாவம் கைகளிலிருந்து வருகிறது. முஷ்டி, விரித்த கை, சுட்டுவிரல், இரண்டு விரல், கட்டைவிரல் உட்பட ஏழு சைகைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாவத்தைக் கட்டிவைத்திருப்பார்கள். இரண்டு விரலை நீட்டினால் சிரிப்பு வரும், முஷ்டி பிடித்தால் கோபம் வரும் என்பதுபோல. ஆகவே படத்திலுள்ள சிரிப்பு தானாக வந்த சிரிப்பு அல்ல. விரலால் இட்ட சிரிப்பு. அறியாமல் வெளிப்படும் முகம், நல்ல புகைப்படக்காரர் காத்திருந்து பிடிக்கிற அந்த முகம், இங்கே அநேகமாகக் கிடையாது. கிடைப்பது உடலின் சாய்வு. தலை எப்படிச் சாய்ந்திருக்கிறது, இடுப்பிலும் காலிலும் அசைவை அளக்கும் டிராக்கர் கட்டியவரின் முதுகு எப்படிக் கூனியிருக்கிறது என்பதெல்லாம் நிஜ ஆளிடமிருந்து வருபவை. நரிக்காது வைத்த பெண் உருவத்துக்குள் ஒரு மனிதரின் களைப்பு தெரிகிற படங்கள் உண்டு. இந்தத் துறையில் என்னை நிறுத்துபவை அத்தகைய படங்களே.

இதுவரை சொன்ன குறை சின்னது. பெரிய குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

வெளியுலகில் பத்துப் பேர் கூடியிருக்கும் அறையில் ஒரே வெளிச்சம்தான் எல்லார்மேலும் விழுகிறது. விஆர்சாட்டில் ஓர் அறையில் பத்துப் பேர் இருந்தால் அங்கே இருப்பது ஓர் அறை அல்ல; பத்துக் கருவிகள் தனித்தனியாக வரைந்த பத்து அறைகள். இணையம் வழியாக வந்துகொண்டிருப்பது அசைவும் குரலும். மற்றதை அவரவர் கருவி வரைகிறது. என் பாதுகாப்பு அமைப்பில் புதியவர்களின் அவதாரை மறைத்திருந்தால், அவர்கள் என் கண்ணுக்குச் சாம்பல் நிற ரோபோவாகவோ வேறொரு மாற்று உருவமாகவோ தெரிவார்கள். அவதார் கனமாக இருந்தாலும் அப்படித்தான். கணினிக்கென்று மட்டும் செய்த அவதாரைக் குவெஸ்ட் ஹெட்செட் தனித்து இயங்கும்போது ஏற்றமுடியாது; 2023இல் வந்த ‘இம்போஸ்டர்’ வசதி அந்த இடத்தில் எளிமையாக்கிய நகல் ஒன்றை நிறுத்தும். இணைய வேகம் குறைந்தால் ஒருவர் கணினியில் கட்டிப்பிடித்து நிற்கும் இருவர் இன்னொருவர் கணினியில் விலகி நிற்பார்கள்.

கேமரா எடுப்பது எடுப்பவரின் கருவி வரைந்த அறையைத்தான். ஒரு பிறந்தநாள் கூட்டத்தில் மூன்று பேர் ஒரே நொடியில் படமெடுத்தால் மூன்று வேறு கூட்டங்கள் பதிவாகலாம். பிறந்தநாள்காரரே ஒரு படத்தில் சாம்பல் நிறப் பொம்மையாக நிற்கக்கூடும். தன் தோற்றத்துக்காகவே இங்கே வந்தவருக்கு, பல மாதம் உழைத்து அவதாரைச் செதுக்கியவருக்கு, இது எவ்வளவு வலிக்கும் என்று யோசிக்க வேண்டும். அவர் அங்கே வந்திருந்தார் என்பதற்குக்கூட அந்தப் படம் சரியான சாட்சி ஆகாது.

போதாததற்கு, ஒரே அவதாரை நூற்றுக்கணக்கானோர் அணியலாம். அவதாரின் தலைக்கு மேல் தெரியும் பெயர்ப்பலகையை மறைத்து எடுத்த அழகான குழுப்படத்தை மூன்று வருடம் கழித்துத் திறந்தால் யார் யாரென்று தெரியாது. உடனிருந்தவர்களுக்காக எடுத்த படம் அவர்களையே மறந்துவிடுகிறது. இதற்குத் தீர்வாகப் பலர் விஆர்சிஎக்ஸ் என்ற இலவசத் துணைச்செயலியை வைத்துக்கொள்கிறார்கள். அது விஆர்சாட்டின் பதிவேட்டைப் படித்து, எந்த உலகம், யாரெல்லாம் இருந்தார்கள் என்ற விவரத்தைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். பெயரைத் தட்டினால் அந்த நண்பர் இருந்த படங்களெல்லாம் வந்து நிற்கும். நினைவு என்ற அளவில் இது பெரிய கொடை.

ஆபத்தும் அதே இடத்தில்தான். அப்படி எழுதப்படுவது சட்டகத்துக்குள் நின்றவர்களின் பெயர் மட்டுமல்ல. அந்த நேரத்தில் அந்த உலகத்தில் இருந்த எல்லாருடைய பெயரும். மூலையில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் தன் பெயர் யாரோ ஒருவரின் வன்தட்டில் ஏறியது தெரியாது. அந்தக் கோப்பை அப்படியே பொதுவில் போட்டால், உள்ளே இருக்கும் பட்டியலைச் சில தளங்கள் நீக்கிவிடும், சில நீக்காது. வீட்டுக்குத் தெரியாமல் தன் பாலினத்தை இங்கே வாழ்ந்து பார்ப்பவர்களும், வேலையிடத்தில் தெரிந்துவிடக்கூடாதே என்று புனைபெயரில் வருபவர்களும் இந்தத் தளங்களில் நிறைய. “அது அவதார்தானே, ஆள் இல்லையே” என்று சம்மதம் கேட்காமல் எடுப்பவர்கள் சொல்வதுண்டு. அந்த உருவத்தில்தான் தான் தானாக இருப்பதாக உணர்பவரிடம் இந்த வாதம் செல்லாது. பெயரை நம் கணினியில் வைத்துக்கொள்வோம், பகிரும்போது கழற்றிவிடுவோம். இதைப் பழக்கமாக்குவது கஷ்டமே இல்லை.

எடுத்த படத்தை அங்கேயே கையில் கொடுப்பது இன்னும் நல்ல வழி. ரெக் ரூம் என்ற இன்னொரு தளத்தின் கேமரா எடுத்தவுடன் படத்தாளை வெளியே தள்ளியது. விஆர்சாட்டும் 2024இல் ‘பிரிண்ட்’ என்ற பெயரில் அச்சுப்படத்தைக் கொண்டுவந்தது; எடுத்த படத்தை அந்த உலகத்துக்குள்ளேயே தாளாக எடுத்து நீட்டலாம். படத்தில் இருப்பவர் அதைப் பார்க்கிறார். “உன் கண்ணுக்கு நான் இப்படியா தெரியறேன்?” என்று கேட்கிறார். மறைத்திருந்த அவதாரைத் திறந்துவிட்டு இன்னொரு படம் எடுக்கலாம். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம். பத்து அறைகளில் நின்றவர்கள் ஒரு படத்தைப் பற்றியாவது ஒத்துப்போக இப்படி ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் பிரிண்ட் எடுக்கச் சந்தா கட்ட வேண்டும். சேமித்து வைப்பதற்கும் 64 என்று வரம்பு. வண்ண வடிகட்டிகளுக்கும் பறக்கும் கேமராவுக்கும் நிறுவனம் காசு கேட்கட்டும், தப்பில்லை. எடுத்த படத்தை எடுக்கப்பட்டவரிடம் காட்டும் வசதியை மட்டும் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும்.