ஜியோபோன் நெக்ஸ்ட்: நிறைகளும் குறைகளும்

ஜியோபோன் நெக்ஸ்ட் என்பது ரிலையன்ஸ் ஜியோவும் கூகுளும் இணைந்து உருவாக்கிய திறன்பேசி ஆகும். 2021 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் வரவேண்டிய இக்கருவி, சில்லுத் தட்டுப்பாட்டால் தள்ளிப்போய், நவம்பர் 4 தீபாவளியன்று விற்பனைக்கு வந்தது. அப்போதைய விலை 6,499 ரூபாய். பொத்தான் கைப்பேசியிலிருந்து முதன்முதலாகத் திறன்பேசிக்கு மாறுவோரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. எனவே அந்த முதல் பயனருக்கு எவ்வளவு உதவும் என்பதைக் கொண்டே இதை எடைபோட வேண்டும்.

அமைப்பு

திரை 5.45 அங்குலம், நினைவகம் 2 ஜிபி, சேமிப்பகம் 32 ஜிபி. பின்புறக் கேமரா 13 மெகாபிக்சல், முன்புறக் கேமரா 8 மெகாபிக்சல். 3,500 எம்ஏஎச் மின்கலம். இயங்குதளம், குறைந்த நினைவகக் கருவிகளுக்கான ஆண்ட்ராய்டு கோ பதிப்பைத் தழுவிய 'பிரகதி ஓஎஸ்'.

நிறைகள்

இக்கருவியின் தலையாய சிறப்பு, திரையில் உள்ள எழுத்துகளை உரக்கப் படித்துக் காட்டும் வசதி. உடன் மொழிபெயர்ப்பு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் வந்த செய்தியைத் தமிழாக்கிக் காதால் கேட்கலாம். அச்சிட்ட தாளையோ பெயர்ப்பலகையையோ கேமராவில் காட்டியும் பொருள் அறியலாம். வங்கியிலிருந்து வரும் ஒரு குறுஞ்செய்திக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போகும் முதியவருக்கு இதன் அருமை தெரியும். பணம் வந்ததா, போனதா என்பதைப் பிறர் அறியாமல் தானே தெரிந்துகொள்வது சிறிய காரியமன்று.

பின்மூடியைக் கழற்றி மின்கலத்தை மாற்றிக்கொள்ள முடியும். நினைவக அட்டை போட்டுச் சேமிப்பிடத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

குறைகள்

இதிலுள்ள ஸ்னாப்டிராகன் 215 நுண்செயலி 2019இல் அறிவிக்கப்பட்டது; அப்போதே கீழ்நிலைக் கருவிகளுக்கானது. 2 ஜிபி நினைவகத்தில் இரண்டு மூன்று செயலிகளைத் திறந்தாலே வேகம் குறையும். முதன்முதலாகத் தொடுதிரையைப் பழகுபவர், கருவி தாமதிக்கும்போது தாம்தான் தவறாக அழுத்திவிட்டோம் என்று எண்ணி மீண்டும் மீண்டும் அழுத்துவார். பழகியவரைவிடப் புதியவரையே வேகக்குறைவு அதிகம் குழப்பும்.

இரண்டு சிம் அட்டைகள் போடலாம் என்றாலும், இணையத் தரவு ஜியோவின் வழியாக மட்டுமே கிடைக்கும். ஜியோ அலைவரிசை சரியாக எட்டாத ஊரில் இருப்பவருக்கு இது பெருங்குறை. 2020இல் 6,799 ரூபாய்க்கு அறிமுகமான ரெட்மி 9ஏ கருவியில் இதே அளவு நினைவகமும் சேமிப்பகமும், 6.53 அங்குலத் திரையும், 5,000 எம்ஏஎச் மின்கலமும் உண்டு. இத்தகைய பூட்டும் இல்லை.

தவணைக் கணக்கு

1,999 ரூபாய் முன்பணம், 501 ரூபாய் நடைமுறைக் கட்டணம், மீதி மாதத் தவணை என்பது 2021இல் இதன் விற்பனை முறையாக இருந்தது. மிகக் குறைந்த தவணை மாதம் 300 ரூபாய் வீதம் 24 மாதமாக இருந்தது. மொத்தம் 9,700 ரூபாய் ஆனது. விலையைவிட 3,201 ரூபாய் அதிகம். இதில் மாதம் 5 ஜிபி தரவும் 100 நிமிடப் பேச்சும் அடங்கியிருந்ததால், முழுவதையும் வட்டி என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் மாணவர் ஒருவர் நாளும் ஒரு மணி நேரம் காணொளிப் பாடம் பார்த்தால் 5 ஜிபி மாதக் கடைசிவரை வராது. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தந்த திட்டத்துக்கு மாதம் 450 ரூபாயாக இருந்தது. மொத்தம் 13,300 ரூபாய். கடையில் கேட்ட 1,999 என்ற எண்ணோடு நின்றுவிடாமல், வாங்குவோர் இந்தக் கூட்டலைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மதிப்பீடு

எழுத்துப் பழக்கம் குறைந்த பெரியவருக்கு, ஜியோ அலைவரிசை நன்றாகக் கிடைக்கும் இடத்தில், மொத்தப் பணம் கொடுத்து வாங்க இது ஏற்ற கருவி. பள்ளிப் பிள்ளையின் இணையவழி வகுப்புக்கென்று வாங்குவோர் பெரிய திரையுள்ள, பூட்டு இல்லாத கருவியை வாங்குவதே நல்லது. பிள்ளைகள் கையில் இது இருக்கும் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கருவி படித்துக் காட்டுவது பெரியவருக்குத் துணை. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் குழந்தைக்கு அதுவே சோம்பலாகிவிடக் கூடும். குழந்தை முதலில் தானே படித்துவிட்டு, சரிபார்க்க மட்டும் கருவியைக் கேட்கட்டும்.