கோவிவன் பெயர் நமக்கு எப்படிக் கிடைத்தது?

"பல்லவர் கால நடுகல் கண்டெடுப்பு" என்று தலைப்பு. கல்லைச் சுற்றி நாலு பேர் நிற்கிற படம், ஊர்ப் பெயர், தோராயமாக ஒரு நூற்றாண்டு. திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து வரும் நடுகல் செய்திகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. கல்லில் எழுத்து இருந்தால்கூட வாசகம் முழுசாக வராது.

லீவு நாளில் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏரிக்கரை ஏரிக்கரையாக, சொந்த பெட்ரோலில் அலைகிற ஆர்வலர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லையென்றால் பல கற்கள் துணி துவைக்கிற கல்லாகவே கிடந்திருக்கும். என் குறை, கண்டுபிடித்த பிறகு நடப்பதைப் பற்றி.

தமிழகத் தொல்லியல் துறை 1972ல் வெளியிட்ட, இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' நூலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரண வாசகனுக்குக் கரடுமுரடான புத்தகம்தான். ஆனால் ஊர், ஆட்சியாண்டு, கல்லில் உள்ளபடி வாசகம் எல்லாம் இருக்கும். எடுத்தனூர் கல்லையே எடுத்துக்குங்க. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, எழுத்து வட்டெழுத்து. எருமைகளுக்காக நடந்த சண்டையில் கருந்தேவகத்தி என்பவன் இறந்துபோகிறான். அவனோடு இருந்த நாய்க்கும் கல்லில் இடம் உண்டு: அதன் பெயர் கோவிவன், கள்ளனைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்கிறது வாசகம். இன்றைய செய்தி நடையில் இது "நாய் உருவத்துடன் அரிய நடுகல்" என்று முடிந்திருக்கும். 1400 வருஷம் தாண்டி வந்த ஒரு நாயின் பெயர் அதோடு போயிருக்கும்.

அடுத்தது சாக்பீஸ். மங்கலான எழுத்தின் மேல் சாக்பீஸ் ஓட்டினால், படத்தில் தெரிவது கல்வெட்டா, எழுதினவரின் ஊகமா? இன்னொருவர் சரிபார்க்க வழியே இல்லை. ராத்திரியில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தாலே பள்ளம் நிழலாகத் தெரியும். பழகினவர் இருந்தால் மைப்படி. பெங்களூரில் மிதிக் சொசைட்டி 2021லிருந்து கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வைக்கிறது. ரோடு போட வந்த ஜேசிபி நாளைக்கே கல்லை உடைத்தாலும் எழுத்தைத் திரும்பப் படிக்கலாம்.

"இடத்தைச் சொன்னா புதையல் தோண்டுறவன் வந்துடுவான் சார்" என்பார்கள். நியாயமான பயம்தான். அப்படியென்றால் ஜிபிஎஸ் எண்ணைத் தொல்லியல் துறைக்கு மட்டும் கொடுங்கள். வாசகத்தையும் சாக்பீஸ் படாத படத்தையும் பொதுவில் போடாமல் இருக்க என்ன காரணம்?