சனிக்கிழமைக் குரல்

மூன்று மணிக்கே மேகம் கொடைக்கானல் நாயுடுபுரம் வரை இறங்கிவிடும் நாட்களில் எங்கள் வீட்டில் ‘டிஸ்கோ ஜாஸ்’தான். ரூபா பிஸ்வாஸ் பாடி, 1982இல் கல்கத்தா மெகாபோன் வெளியிட்டு, சீந்துவாரில்லாமல் போன அதே தட்டு. மொத்தம் நான்கே பாட்டு. ‘மொஜா பரி மொஜா’வுக்குக் கால் ஆடவில்லை என்றால் முட்டியை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கால் மணி நேரம் ஓடும் கடைசிப் பாட்டை பஸ் பயணத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். காட்ரோட்டில் ஆரம்பித்தால் டம்டம் பாறை நெருங்கும் வரை வரும். ஆனால் நான் உருகுவது ஒன்றுக்குத்தான்: ‘ஆஜ் ஷனிபார்’. இன்று சனிக்கிழமை என்பதைத் தவிர அந்தத் தலைப்பில் வேறு சேதி இல்லை.

அதை ரூபா சொல்லும் விதம் இருக்கிறதே. வங்காளி நாக்கில் அது ‘ஷொனிபார்’. அந்த ‘ஷொ’வில் உதடு குவிந்து, ‘பார்’ வரும்போது பாதி மூச்சு வெளியே போய்விடுகிறது. மீதி மூச்சில்தான் பாட்டு. கீழே பேஸ் கித்தார் தன் வேலையைத் தப்பாமல் செய்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் பிரானேஷ் கானின் தபலா. ரூபாவோ தாளத்தின் மேல் ஏறி உட்காருவதில்லை, அரை அடி பின்தங்கி அதன் கூடவே நடந்து வருகிறார். ஆடுங்கள் என்று அதட்டாத ஆட்டப் பாட்டு. நான் கேட்டவரை இப்படி இன்னொன்று இல்லை.

இந்தக் குரலை முன்பே எங்கோ கேட்டதுபோல் இருந்தது. யோசித்துப் பார்த்தால் கேட்டதில்லை, உடம்பில் உணர்ந்திருக்கிறேன். வத்தலக்குண்டில் நான் பையனாக இருந்தபோது சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். அப்பாவும் நானும் நல்லெண்ணெய் வழிய வெயிலில் உட்கார்ந்திருப்போம். சீயக்காய் கண்ணில் பட்டு, வெந்நீர் ஊற்றி, வயிறு முட்டச் சாப்பிட்டபின் ஒரு அசதி வரும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. திண்ணையில் கோடை எஃப்.எம். பாடிக்கொண்டிருக்கும், பாட்டு எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே தொடங்கியது என்று தெரியாது. ரூபாவின் குரல் அந்த அசதிதான். சனி என்றால் நமக்குக் குச்சனூரும் எள் தீபமும் நினைவுக்கு வரும். அந்தக் கிழமைக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு என்பதை வங்காளத்துக்காரர் ஒருவர் கனடாவில் பாடி எனக்குக் காட்ட வேண்டியிருந்தது.

திண்டுக்கல் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். அவருக்கு நாஸியா ஹசன்தான் எல்லாம். 1980இல் ‘குர்பானி’ படத்தில் பதினைந்து வயதில் பாடியது, மறு வருடமே ‘டிஸ்கோ தீவானே’. மறுக்கவில்லை, அற்புதம்தான். ஆனால் இசையமைப்பாளர் பித்துவின் ஏற்பாட்டில் எல்லாம் வரிசையாக இஸ்திரி போட்டு வைத்திருக்கும். நாஸியா நம்மைக் கூப்பிட்டுப் பாடுகிறார். ரூபா கூப்பிடுவதில்லை, கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். இன்னொரு கூட்டம் சரண்ஜித் சிங்கைக் கொண்டுவரும். அதே 1982இல் பத்து ராகங்களை மிஷினில் ஏற்றியவர், ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட இசைக்கே முன்னோடி என்பார்கள். இருக்கட்டும். முன்னோடி என்பதற்காகவே ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்க முடியுமா?

‘டிஸ்கோ ஜாஸ்’ ரசிகர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அவர்களுக்குப் பாட்டைவிடக் கதை பிடிக்கிறது. ரூபா கனடாவின் கால்கரியில் இருந்த சகோதரர் வீட்டுக்குப் போனார், கச்சேரி செய்தார், சரோட் கலைஞர் ஆஷிஷ் கான் கண்ணில் பட்டார், தட்டு விற்கவில்லை, குடும்பத்தில் கரைந்தார், பல வருடம் கழித்து மகன் இணையத்தில் பார்த்துச் சொன்னான், 2019இல் சிகாகோ கம்பெனி மறுபதிப்பு போட்டது. நல்ல கதைதான். ஆனால் தட்டு விற்று இவர் பெரிய நட்சத்திரமாகியிருந்தால் ‘ஆஜ் ஷனிபார்’ ஒரு சுருதி குறைந்திருக்குமா என்ன? தட்டில் ஆஷிஷ் கான் வாசித்த சரோடைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மைஹர் அலாவுதீன் கானின் பேரன், அலி அக்பர் கானின் மகன், டிஸ்கோவுக்கு வாசிக்கிறோமே என்ற கூச்சம் துளியும் இல்லாமல் வாசித்திருக்கிறார். சரோடில் மெட்டுகள் கிடையாது, எஃகுத் தகட்டில் நகம் வழுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த வழுக்கலும் ரூபாவின் மூச்சும் ஒரே ஜாதி. கித்தார் மட்டும் இருந்திருந்தால் குரல் தனியாகத் தெரிந்திருக்கும்.

நான் இதை முதலில் கேட்டது 2020இல். ஊரடங்கில் இ-பாஸ் இல்லாமல் மலையேற முடியாத காலம். ஏரியில் படகில்லை, ஏழு ரோட்டில் காட்டுமாடுகள் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன. அந்த வேகத்துக்கு இந்தப் பாட்டு கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது நிலைமை வேறு. எங்கள் வீட்டுக்கு நாலு வளைவு தள்ளி ஒரு ரிசார்ட்டில் சனிக்கிழமை தோறும் கேம்ப் ஃபயர். டி.ஜே. தம்பியிடம் ஒருமுறை கெஞ்சி இந்தப் பாட்டைப் போடச் சொன்னேன். “சார், குரல் வர்றதுக்குள்ள ஆளுங்க உட்கார்ந்துடுவாங்க” என்றவர், முன்னிசையை வெட்டி, வேகத்தைக் கூட்டி, கீழே ஒரு தடதடப்பையும் சேர்த்தார். எல்லோரும் நன்றாகத்தான் ஆடினார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பாட்டு தொடங்கிப் பத்து விநாடிக்குள் ஆளைப் பிடிக்காவிட்டால் விரல் தள்ளிவிடுகிறதே, அவரை மட்டும் என்ன சொல்ல? ‘டிஸ்கோ ஜாஸ்’ வந்த அதே வருடத்து ‘இளமை இதோ இதோ’வையே புத்தாண்டு இரவில் முழுசாக ஒலிக்க விடுவதில்லை.

ஆஷிஷ் கான் 2024 நவம்பர் 14, வியாழக்கிழமை லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். நான் படித்த ஒன்றிரண்டு குறிப்புகளில் ஜார்ஜ் ஹாரிசன் இருந்தார், கிராமி பரிந்துரை இருந்தது. கால்கரித் தட்டு இல்லை. இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை வந்தது. வெந்நீர் காயட்டும் என்று அடுப்பைப் பற்றவைத்து, தலையில் ஒரு கரண்டி எண்ணெயை வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டேன். மேகம் ஜன்னல் கம்பி வரை வந்திருந்தது. சரோடு முடியும்வரை தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. பிறகு விளாவப் பச்சைத் தண்ணீர் இரண்டு வாளி பிடித்தது.