டைனோசர் பொம்மைகளும் இறப்பர் விதைகளும்

பால்ய நினைவுக் கட்டுரைகள் இன்று தமிழ் ஏடுகளில் மலிந்துவிட்டன. எழுத்தாளர் ஒருவர் பழைய தகரப் பெட்டியொன்றைத் திறக்கிறார். உள்ளே விரலளவு பிளாஸ்டிக் டைனோசர்கள் கிடக்கின்றன; ஒன்று பச்சை, ஒன்று வால் முறிந்தது. அவருக்குக் கண் கலங்குகிறது. 'அந்த நாட்கள் இனி வருமா?' என்று கேட்டுவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்கிறார். 1993 ஆம் ஆண்டில் 'ஜுராசிக் பார்க்' திரைப்படம் வெளிவந்த பின்னர் வளர்ந்த தலைமுறை இப்பொழுது எழுதும் வயதை அடைந்திருக்கின்றது. முந்திய தலைமுறையின் கட்டுரைகளில் பம்பரமும் கிட்டிப்புள்ளும் பெற்றிருந்த இடத்தை இவர்களுடைய கட்டுரைகளில் டைனோசர் பிடித்துக்கொண்டது இதனாலேயே. நாமும் அத்தலைமுறையைச் சேர்ந்தவர்களே. திருவிழாக் கடைகளில் அப்பொம்மைகளைக் கண்டு நின்றவர்களே. எனவே அந்த ஏக்கத்தை ஏளனஞ் செய்வது நமது நோக்கமன்று. அது எழுத்தாக மாறும்பொழுது எதை மறைக்கின்றது என்பதே நமது கேள்வி.

பொம்மை வாங்குவது வேறு, பொம்மை சேர்ப்பது வேறு. வாங்குவதற்குக் காசு போதும். சேர்ப்பதற்கோ ஒரு பெட்டி வேண்டும். பெட்டி இருப்பதற்கு ஒரு மூலை வேண்டும். அம்மூலை இருபது வருடங்கள் இடம் பெயராமல் இருக்கவும் வேண்டும். ஏக்கக் கட்டுரையை எழுதுபவர் 'எங்கள் வீட்டுப் பரண்' என்று போகிற போக்கில் எழுதிவிடுகிறார். அவருடைய உணர்ச்சிக்கெல்லாம் அடித்தளமாக அமைவது அந்தப் பரண்தான் என்பதை அவர் கவனிப்பதில்லை.

இப்பொம்மையின் சரித்திரமும் அறியத்தக்கது. 'டைனோசோரியா' என்னும் பெயரை றிச்சட் ஓவன் 1842 இல் இட்டார். 1854 இல் இலண்டன் பளிங்கு மாளிகைப் பூங்காவில் வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் அவ்விலங்குகளின் பேருருவங்களை நிறுவினார். அவற்றின் சிற்றுருவங்கள் கல்விக்கெனவும் விற்கப்பட்டன. ஆக, டைனோசர் பொம்மை முதலிற் பிறந்தது ஓரளவுக்கேனும் பாடசாலைக்காகவே. பின்னர் அது சந்தைக்குச் சென்றது. 1950களில் அமெரிக்காவின் மார்க்ஸ் பொம்மைக் கம்பனி (பெயர் ஒற்றுமையைக் கண்டு நண்பர்கள் மகிழ வேண்டியதில்லை, அவர் லூயி மார்க்ஸ், பெரும் முதலாளி) பிளாஸ்டிக் டைனோசர்களை வார்த்துக் குவித்தது. 1964 இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் சிங்கிளேயர் எண்ணெய்க் கம்பனி தனது டைனோசர்ச் சின்னத்தையே கண்காட்சியாக்கிக் குழந்தைகளின் கையில் சிற்றுருவங்களைக் கொடுத்தது. 1974 முதல் இங்கிலாந்தின் இன்விக்டா கம்பனி, பிரித்தானிய இயற்கை வரலாற்று நூதனசாலைக்காக அளவு பிசகாத உருவங்களைச் செய்யத் தொடங்கியது. இன்று வளர்ந்தவர்கள் விலைகொடுத்துத் தேடும் பொருள்கள் இவையே.

ஆனால் இவ்வரிசையில் நம்மை நேராகத் தொடுவது பொம்மையன்று. ஒரு படச் சீட்டு. புரூக் பாண்ட் தேயிலைக் கம்பனி 1954 முதல் பிரித்தானியாவில் தனது தேயிலைப் பொட்டலங்களுக்குள் சிறு வர்ணச் சீட்டுகளை வைத்து விற்றது. பறவைகளுடன் தொடங்கிய அந்த முயற்சியில் 1972 இல் வெளிவந்த தொகுதி 'வரலாற்றுக்கு முந்திய விலங்குகள்' என்பது. மொத்தம் 50 சீட்டுகள். ஒரு பிள்ளை ஐம்பதையும் சேர்த்து முடிக்க வேண்டுமாயின் அவ்வீட்டார் பொட்டலம் பொட்டலமாகத் தேநீர் அருந்த வேண்டும். இரட்டித்து வந்தவற்றைப் பாடசாலை முற்றத்தில் நண்பனுடன் மாற்றிக்கொள்ள வேண்டும். அன்று அவ்வாறு சேர்த்த சிறுவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். தாயின் தேநீர்க் கேத்தலையும் டைனோசர்ச் சீட்டையும் ஒன்றாகவே நினைவுகூரும் அவர்களுடைய அன்பு பொய்யன்று. ஆயினும் அந்தக் கேத்தலில் வெந்த கலவையில் இலங்கைத் தேயிலையும் இருந்தது. கொழுந்தைக் கிள்ளிய கைகள் அந்த நினைவிற்குள் நுழைவதேயில்லை.

அதே ஆண்டுகளில் கொழுந்து கிள்ளியவர்களின் பிள்ளைகள் எந்நிலையில் இருந்தனர்? 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைத் தாக்கியது. அரிசியும் மாவும் அருகின. காணித் துண்டு இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு மரவள்ளி நட்டுப் பசியாறவும் வழியிருக்கவில்லை. தோட்டப் பகுதியின் இறப்பு வீதம் உயர்ந்தது; குடும்பங்கள் வன்னியை நோக்கி நடந்தன. தேயிலைப் பொட்டலத்தின் ஒரு முனையில் வண்ண டைனோசரும் மறுமுனையில் வெறும் பானையும் இருந்தன. இதை நாம் அலங்காரத்திற்காகச் சொல்லவில்லை. ஒரே பண்டத்தின் ஒரே காலத்துச் சரித்திரம் இது.

இவ்விடத்தில் நமது முற்போக்கு எழுத்தாளர்கள் சிலர், 'ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்குப் பால்யமே இல்லை' என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இம்முடிவை நாம் ஏற்பதற்கில்லை. நமது அணியின் சிறுகதைகளில் வரும் லயத்துப் பிள்ளையைப் பாருங்கள். அது பசியால் அழும், காய்ச்சலில் கிடக்கும், கடைசிப் பக்கத்தில் இறக்கும். விளையாடுவது மட்டும் கிடையாது. வாசகரின் இரக்கத்தைப் பெறுவதற்காக அப்பிள்ளையிடமிருந்து விளையாட்டையும் பிடுங்கிவிட்டோம். ஏக்கக் கட்டுரையாளர் தோட்டத்துப் பிள்ளையைக் காணவே இல்லை. நாமோ கண்டும் பாதியைத்தான் கண்டோம். இரண்டாவது குற்றம் முதலாவதிலும் சிறியதென்று சொல்லத் துணியோம்.

சப்ரகமுவத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு உண்மை வேறு. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தேயிலையோடு இறப்பரும் உண்டு. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, எகலியகொடைப் பக்கங்களில் வெயில் ஏறும் நேரத்தில் இறப்பர்க் காய்கள் பட்டென்று வெடித்து விதைகள் தெறிப்பதைக் கேளாத பிள்ளை இராது. பளபளப்பும் புள்ளியும் கொண்ட அந்த விதைகள், ஒன்றைப்போல் ஒன்று இராதவை. அவற்றைச் சட்டைப்பை கிழியுமட்டும் பொறுக்குவார்கள். கல்லில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்திலிருப்பவனின் கையில் வைப்பார்கள். துளையிட்டு நூல் கோத்துச் சுழற்றினால் அது ரீங்கரிக்கும். டைனோசர் பொம்மை சேர்ப்பவனுக்குள்ள ஆசைகள் யாவும், அரியதைத் தேடுவதும் ஒத்ததை மாற்றிக்கொள்வதும் பெரியதைக் காட்டிப் பெருமைகொள்வதும், இப்பிள்ளைகளிடத்திலும் உண்டு. குறைந்தது ஒன்றுதான்: வைத்துக்கொள்ள இடம்.

ஒட்டுப்பால் பந்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பால் வெட்டிய தழும்பிலும் சிரட்டையிலும் உலர்ந்து ஒட்டியிருக்கும் இறப்பரை உரித்து, இழைமேல் இழையாகச் சுற்றிப் பிள்ளைகள் செய்யும் பந்து அது. கடையில் விற்கும் பந்தைவிட உயரத் துள்ளும். ஆனால் ஒட்டுப்பால் தோட்டத்தின் சொத்து. நிறுத்துக் கணக்கில் எழுதப்படும் பொருள். ஆகவே பிள்ளையின் கையிலுள்ள பந்து தோட்டத்துக் கணக்கின்படி களவுப் பொருளாகும். தான் விளையாடும் பந்தே குற்றமாகிவிடும் ஒரு பால்யத்தை எந்த ஏக்கக் கட்டுரை எழுதியிருக்கிறது? தகப்பன் வெட்டிய பாலில் மகன் செய்த பந்தைக் கங்காணிக்கு அஞ்சி ஒளித்து வைக்கவேண்டும். சுரண்டல் என்ற சொல்லை மாணவர்க்கு விளக்க இதைவிட எளிய உதாரணம் நமக்கு அகப்படவில்லை.

இடம் இல்லை என்றோம். லயத்துக் காம்பிராவின் சிறுமையை மட்டும் குறித்து அதைச் சொல்லவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரைச் சீட்டுகளைப்போல் பிரித்துக்கொண்ட பெரியவர்களின் விளையாட்டு அது. தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்ட குடும்பம் தனது தகரப் பெட்டியில் பித்தளைக் குடத்தை வைக்குமா, பிள்ளையின் இறப்பர் விதைகளை வைக்குமா? பின்னர் 1977 இலும் 1981 ஆகஸ்டிலும் வன்செயல்கள் மூண்டன. 1981 இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் அவற்றின் கடுமையைப் பெரிதும் அனுபவித்தன. லயங்கள் எரிந்தன, மக்கள் உடுத்த துணியோடு ஓடினர். ஓடியவர்களிடம் பரண் இல்லை. ஆகவே அவர்களிடம் 'பழைய பெட்டியைத் திறந்தேன்' என்று தொடங்கும் கட்டுரையும் இல்லை.

இந்த இல்லாமை வகுப்பறை வரை வந்து நிற்கின்றது. ஒன்பதாந் தர மாணாக்கரிடம் 'எனது விளையாட்டுப் பொருள்' என்று கட்டுரை கேட்டோம். இறப்பர்த் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பிறந்தநாளில் மாமா வாங்கித் தந்த சாவி கொடுக்கும் பொம்மையைப் பற்றி அழகாக எழுதியிருந்தாள். அப்படியொரு பொம்மை அவளிடம் இருந்ததில்லை. கட்டுரை நூலொன்றில் படித்த பால்யத்தைத் தன்னுடையதாக எழுதியிருக்கிறாள். 'கட்டுரை என்றால் அப்படித்தானே எழுதவேண்டும், சேர்?' என்று கேட்டாள். நமது ஏடுகளில் வரும் ஏக்கக் கட்டுரைகளின் உண்மையான தீங்கு இதுதான். அவை ஒருவகைப் பால்யத்தையே இலக்கியத்திற்குரியதாக்கிவிட்டன. மற்றவகைப் பால்யம் உடையவர்கள் வாய் திறக்கும்பொழுது பொய் சொல்லப் பழகுகின்றனர்.

இரத்தினபுரியின் நிலம் இவ்விடத்தில் நமக்கு ஓர் உதாரணம் தருகின்றது. இலங்கையின் பாறைகளிற் பெரும்பாலானவை டைனோசர்களினும் மிகப் பழையவை. டைனோசர் எலும்பைத் தேடி இங்கே வருவாரில்லை. (தோட்டத்தாரின் மூதாதையர் பலர் புறப்பட்டு வந்த பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலோ, அரியலூரை அடுத்த கல்லமேட்டில் மாபெரும் டைனோசரொன்றின் எலும்புகள் கிடைத்தன. 1980களில் ஆய்வாளர் அதற்குப் பெயரிட்டனர். எடுத்த எலும்புகள் பின்னர் உதிர்ந்து அழிந்தன.) ஆனால் இரத்தினக்கல் தேடித் தோண்டும் குழிகளில் கல்லோடு வேறு பொருள்களும் வந்தன. நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் என இன்று இத்தீவில் இல்லாத விலங்குகளின் எலும்பும் பல்லும் கிடைத்தன. தேசிய நூதனசாலைப் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகலை அவற்றை ஆராய்ந்து 1958 இல் பெருநூலாக வெளியிட்டார். இலங்கையில் ஒருகாலத்தில் சிங்கம் வாழ்ந்ததென அவர் 1939 இல் அறிவித்தமைக்கு ஆதாரம் குருவிட்டவிற் கிடைத்த பற்களே. கல்லிருக்கும் சரளைப் படைக்குச் சுரங்கக்காரர் இட்ட பெயர் 'இல்லம்'. சிங்களச் சொல்தான், எனினும் தமிழ்க் காதுக்கு அது வேறு பொருளும் தருகின்றது. இரத்தினத்தைத் தேடியவர்கள் எலும்பையும் பார்த்துவைத்தபடியால் ஒரு விலங்கின் இருப்பு நமக்குத் தெரியவந்தது. அதை எறிந்திருந்தால் சிங்கம் இலச்சினையில் மட்டுமே இருந்திருக்கும்.

தோட்டத்துப் பால்யத்திற்கும் அத்தகைய பொறுக்குதல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்துத் தந்தார். அதே உழைப்பு விளையாட்டுப் பொருள்களுக்கும் தேவை: எதனால் செய்தது, யார் செய்து கொடுத்தது, எப்படித் தொலைந்தது என்பனவெல்லாம். 'தொலைந்தது' என்ற மூன்றாவது விவரத்தை விட்டுவிட்டு எழுதினால் நாமும் பரண் கட்டுரையே எழுதியவர்களாவோம்.

அந்த ஒன்பதாந் தர வகுப்பில் பிறகு வாய்மொழியாகக் கேட்டோம். பத்து நிமிடம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒருவன் மீன் தகரத்தில் செய்த வண்டியைச் சொன்னான்; சில்லுகள் தேய்ந்த செருப்பிலிருந்து வெட்டியவை. அதன்பின் மணி அடித்ததும் கேட்கவில்லை. சாவிப் பொம்மை எழுதிய மாணவி, தன் பாட்டி ஒட்டுப்பால் பந்தைப் பிள்ளைக் காம்பராவின் கூரை இடுக்கில் ஒளித்து வைத்ததையும், 1981 இல் அக்கூரை எரிந்ததையும் எழுதிக் கொண்டுவந்தாள். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் நாம் இன்னும் திருத்தி முடிக்கவில்லை.