உயில் எழுதாதவர்களின் வம்சம்

1780 முதல் 1785 வரை வங்காளத்தில் வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த உயில்களில் மூன்றில் ஒன்று, இந்தியத் துணைவிக்கோ அவள் பெற்ற பிள்ளைகளுக்கோ எதையாவது விட்டுச்சென்றது. வில்லியம் டால்ரிம்பிள் தன் ‘வைட் முகல்ஸ்’ (2002) வழியாகப் பிரபலமாக்கிய கணக்கு இது. கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. அது இருபது வருடமாக மேடைக்கு மேடை ஊதிப் பெருத்து, ‘அந்தக் காலத்தில் மூன்றில் ஒரு வெள்ளைக்காரன் நம்மூர்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தினான், நிறவெறியெல்லாம் பின்னால், விக்டோரியா காலத்தில் வந்த சரக்கு’ என்று ஆகிவிட்டதோடுதான் சண்டை. இலக்கியத் திருவிழாக்களில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

உயில் எழுதுகிறவன் யார்? விட்டுச்செல்ல ஏதாவது வைத்திருப்பவன். டம்டம் பாரக்கில் காலராவில் செத்த லங்காஷயர் நெசவாளி மகன் எழுதமாட்டான். ஹூக்ளியில் கப்பல் நின்ற இரவே லால்பஜார் சாராயக் கடையில் சம்பளத்தைத் தொலைத்த மாலுமியும் எழுதமாட்டான். கம்பெனி காலத்து வங்காளத்தில் வெள்ளைக்காரர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். இவர்களுடைய வம்சத்தைத் தேடும் முயற்சிக்குக் கொல்கத்தாவில் நூற்றெழுபது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு முழுக்க, தேடியவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்திலேயே தேடியிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

ஆரம்பம் கல்லறையில். 1848-இல் ஹோம்ஸ் கம்பெனி ‘பெங்கால் ஒபிச்சுவரி’ என்ற தடித்த புத்தகத்தை வெளியிட்டது. கல்லறைக் கல் செதுக்கி விற்றவர்களே கல்லறை வாசகங்களைத் தொகுத்தது வியாபார சாமர்த்தியம். 1896-இல் சி.ஆர். வில்சன் வங்காளக் கல்லறை எழுத்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். 1905-இல் ஜே.ஜே. காட்டன் அதையே சென்னைக்குச் செய்தார். 1907-இல் ஃபர்மிங்கர் பாதிரியார் முன்னின்று தொடங்கிய ‘பெங்கால் பாஸ்ட் அண்ட் பிரசண்ட்’ இதழ் இந்த ரசனையைப் பல பத்தாண்டுகள் ஊட்டி வளர்த்தது. வி.சி.பி. ஹாட்சன் நான்கு தொகுதிகளில் வங்காளப் பட்டாளத்தின் அதிகாரிகளைப் பெயர் விடாமல் பதிந்தார். அதிகாரிகளை மட்டும். அவர்களுக்குக் கீழே துப்பாக்கி தூக்கியவனுக்கு ஹாட்சன் கிடைக்கவில்லை.

கல் வைக்கக் காசு வேண்டும் என்கிற சின்ன விஷயத்தை இந்தத் தலைமுறை யோசிக்கவே இல்லை. 1767-இல் திறந்த சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தின் கோபுரங்களும் மண்டபங்களும் யாருடையவை என்று போய்ப் பார்த்தால் போதும்: நீதிபதி, வியாபாரி, கர்னல், கர்னலின் இளம் மனைவி. அங்கேயே சார்லஸ் டிக்கன்ஸின் மகன் வால்டருக்கும் ஒரு கல் இருக்கிறது. 1863-இன் கடைசி நாளில் கடனோடு கொல்கத்தாவில் இறந்த அவரைப் புதைத்தது பவானிபூர் ராணுவக் கல்லறையில். கல்லை மட்டும் பிற்பாடு இங்கே கொண்டுவந்து நட்டார்கள். டிக்கன்ஸ் மகனுக்கே கல் ஓரிடம், உடல் ஓரிடம் என்றால் சிப்பாய்க்கு என்ன கிடைத்திருக்கும்?

அதிகம் பேசவேண்டியவர் ஹெர்பர்ட் ஸ்டார்க். வங்காளக் கல்வித் துறையில் வேலைபார்த்தவர், ஆங்கிலோ இந்தியர். இன்று கல்லூரிப் பாடத்திட்டத்திலோ புத்தகக் கண்காட்சியிலோ அவர் பெயரைக் கேட்பது அபூர்வம். 1926-இல் கொல்கத்தாவில் வெளியான அவருடைய ‘ஹாஸ்டேஜஸ் டு இந்தியா’ முரட்டுத்தனமான, கோபமான, பல இடங்களில் ஒருதலைப்பட்சமான புத்தகம். ஆனால் கல்லறையை விட்டுவிட்டு அரசாணையைக் கையில் எடுத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர். 1786-இல் கிதிர்பூர் அநாதைப் பள்ளியின் மேல்பிரிவுப் பிள்ளைகள் படிக்க இங்கிலாந்து போகக்கூடாது என்றார்கள். 1791-இல் இந்தியத் தாய்க்குப் பிறந்தவனுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்படைப் பதவி இல்லை என்றார்கள். 1795-இல் தாய் தகப்பன் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவன் பட்டாளத்தில் குழல் ஊதலாம், முரசு அடிக்கலாம், பேண்டு வாசிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார்கள். ஸ்டார்க் இந்த மூன்றையும் வரிசையாக வைத்துக் காட்டுகிறார். தேதிகளைப் பாருங்கள். விக்டோரியா பிறந்ததே 1819-இல். உயில்கள் காதல் பேசிய அதே வருடங்களில் ஆணைகள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன.

அந்த அநாதைப் பள்ளிக்கு இன்னொரு பிரிவும் இருந்தது. மேல்பிரிவு அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு, கீழ்ப்பிரிவு சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு. அப்பனின் தகுதி பிள்ளையின் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்தது. சென்னைக்காரர்களுக்கு இதன் ஜோடி தெரிந்திருக்கும். 1789-இல் எழும்பூரில் நடந்த ஆண் அநாதை விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் பாதிரியார் பொறுப்பேற்றார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், சட்டாம்பிள்ளை மற்றவர்களுக்குப் பாடம் சொல்வதையும் எடுத்துக்கொண்டுபோய் ‘மெட்ராஸ் முறை’ என்று பெயரிட்டு இங்கிலாந்தில் பரப்பினார். 1811-க்குப் பிறகு அங்கே ஏழைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்த முறையில்தான் எழுத்துக் கற்றார்கள். ஆக, பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய குடும்பத்தில் ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியின் பேரன் தன் பெயரை எழுதப் பழகியது எழும்பூர் வழியாக. இப்படி ஒரு கொடுக்கல் வாங்கலை வம்சாவளி எழுதுகிறவர்கள் கண்டுகொள்வதே இல்லை. அவர்களுக்கு வேண்டியது குடும்ப மரம். பள்ளிக்கூடம் மரத்தில் தொங்காது.

ஸ்டார்க்கின் குறை பெரியது. அவர் புத்தகத்தில் அப்பன்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள், அம்மாக்கள் மங்கலாக எங்கோ நிற்கிறார்கள். ஆங்கில ரத்தத்துக்கு உரிமை கோருகிற அவசரத்தில் மறுபாதி ரத்தத்தைப் பற்றி அவருக்குப் பேச நேரமில்லை. அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. அவருடைய ஆட்களுக்கு ரயில்வேயிலும் தந்தியிலும் சுங்கத்திலும் வேலை கிடைத்தது அந்தப் பாதியை வைத்துத்தான்.

நாற்பதுகளின் முடிவில் தேடல் திடீரென்று பொழுதுபோக்காக இல்லாமல் போனது. 1948-இன் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் வந்ததும் அசன்சோல், கரக்பூர், ஜமால்பூர் ரயில்வே காலனிகளிலிருந்தும் பௌபஜாரின் செங்கல் குடியிருப்புகளிலிருந்தும் குடும்பங்கள் கப்பல் ஏறப் பார்த்தன. அப்பா வழித் தாத்தா பிரிட்டனில் பிறந்தவர் என்பதற்குக் காகிதம் வேண்டும். லண்டனில் இந்தியா ஆபீஸ் நூலகத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. 1713 முதல் வங்காளத்திலிருந்து போன ஞானஸ்நான, கல்யாண, சாவுப் பதிவுகளின் நகல்கள் அங்கே இருந்தன. இந்தக் காலத்தை அலிசன் பிளண்ட் (2005) நன்றாக எழுதியிருக்கிறார். தாத்தாவுக்கு ஒரு ஊரும் தேதியும் கிடைத்த குடும்பம் லண்டனுக்கோ பெர்த்துக்கோ போனது, கிடைக்காத குடும்பம் பௌபஜாரில் தங்கியது. அசோகமித்திரனின் கதைகளில் வரும் லான்சர் பாரக்ஸில் குடியிருந்த சட்டைக்காரக் குடும்பங்களை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பதிவேடுகளையே பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஞானஸ்நான ஏட்டில் பிள்ளையின் பெயர், அப்பன் பெயர், அவன் படைப்பிரிவு எல்லாம் சுத்தமாக இருக்கும். அம்மா இடத்தில் பல தடவை ‘சுதேசிப் பெண்’ என்று மட்டும் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. சில இடத்தில் ‘எலிசபெத்’, ‘மரியா’ என்று இருக்கும். அவளை ஆங்கிலேயப் பெண் என்று நம்பி மேலே போகிறவர் ஏமாறுவார். ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயருக்கு அடியில் வங்காளி முஸ்லிம் பெண்ணோ, ஹூக்ளிக் கரைப் போர்ச்சுகீசிய வம்சப் பெண்ணோ இருக்கலாம் என்று துர்பா கோஷ் தன் 2006 நூலில் பொறுமையாக நிறுவினார். இதோடு முடியவில்லை. புருஷன் செத்த சில வாரத்தில் விதவை அதே படைப்பிரிவில் இன்னொருவனைக் கட்டிக்கொள்வது பட்டாளத்து வழக்கம், ரேஷன் நின்றுவிட்டால் வேறென்ன செய்வாள். மூன்று கல்யாணத்தில் ஐந்து பிள்ளைகள், மூன்று குடும்பப் பெயர்கள். ஆண் வழியாக மட்டும் தேடினால் இவர்கள் ஒருவருக்கொருவர் யாரோ. அம்மா வழியாகத் தேடினால் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள்.

கத்தோலிக்கர்களின் கதை இன்னும் சிக்கல். கம்பெனிப் பட்டாளத்தில் அயர்லாந்துக்காரர்கள் ஏராளம். அவர்கள் போனது முர்கிஹட்டா போர்ச்சுகீசியக் கோயிலுக்கு. ஆங்கிலத் திருச்சபையின் புனித ஜான் கோயில் ஏடுகள் ஒழுங்காக லண்டன் போனதுபோல அவர்களுடையவை போகவில்லை. லண்டனில் இல்லை என்பதால் ஆளே இல்லை என்று முடிவுகட்டிய குடும்ப வரலாறுகள் உண்டு. தேடலுக்கு மிஷன் ரோவின் பழைய மிஷன் கோயில் இன்னொரு திசை. 1770-இல் அதைக் கட்டியவர் கீர்நாண்டர் என்ற ஸ்வீடன்காரப் பாதிரியார், 1758-இல் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது அங்கிருந்து கொல்கத்தா வந்தவர்.

கல்விப்புலம் இந்தத் துறைக்குள் வந்தது 1979-இல், டேவிட் ஆர்னால்டின் ஒரு கட்டுரை வழியாக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்த ஐரோப்பியர்களில் ஏறக்குறைய பாதிப்பேரை ஏழை வெள்ளையர் என்றே சொல்லவேண்டும் என்றார் அவர். 1869-இல் அரசு ஐரோப்பிய நாடோடிகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டு, அவர்களைப் பிடித்து விடுதியில் அடைத்துக் கப்பலேற்றியதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. பிச்சை எடுக்கும் வெள்ளைக்காரனை வங்காளிகள் பார்ப்பது ராஜ்ஜியத்துக்கு ஆகாது. 1996-இல் கிறிஸ்டோபர் ஹாஸ், 2009-இல் ஹரால்ட் ஃபிஷர்-டினே என்று வரிசை தொடர்ந்தது. எனக்குப் பிரியமானது 2008-இல் கொல்கத்தாவின் தீமா பதிப்பகம் வெளியிட்ட ஷர்மிஷ்டா தே-யின் ‘மார்ஜினல் யூரோப்பியன்ஸ் இன் கலோனியல் இந்தியா’. வெளிநாட்டுப் பல்கலைக்கழக முத்திரை இல்லாததால் அடிக்குறிப்போடு ஒதுங்கிப்போன புத்தகம். அநாதைகள், நாடோடிகள், குற்றவாளிகள் என்று ராஜ்ஜியத்தின் கூரைக்கு வெளியே நின்றவர்களே அதன் நாயகர்கள்.

எல்லாவற்றிலும் கூர்மையானது லாரா பேர் 2007-இல் எழுதிய ‘லைன்ஸ் ஆஃப் தி நேஷன்’. 1854 ஆகஸ்ட் 15-இல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடியபின், ஈஸ்ட் இந்தியன் ரயில்வே இங்கிலாந்திலிருந்து டிரைவர்களையும் ஃபிட்டர்களையும் கூட்டிவந்தது. சிப்பாய் வம்சத்துக்குப் பிறகு தொழிலாளி வம்சம் இங்கே வேர்விட்டது இப்படி. 1888-இல் கிப்ளிங் ஜமால்பூருக்குப் போய் இவர்களைப் பற்றி எழுதினார். சுவாரஸ்யமான எழுத்துதான், ஆனால் கண்காட்சி பார்க்கவந்தவரின் எழுத்து. லாரா பேர் பார்த்தது ரயில்வே அலுவலகக் கோப்புகளை. ஐரோப்பியரா, யுரேஷியரா, இந்தியரா என்பதைப் பொறுத்துச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் பதவி உயர்வும் மாறும் என்பதால் நிர்வாகம் ஊழியர்களின் வம்சத்தை விசாரித்துக் கோப்புப் போட்டுவைத்திருந்தது. குடும்பம் தனக்குள் ரகசியமாகச் சொல்லிக்கொண்ட கதை மேலதிகாரியின் மேஜையில் ஆதாரமாகவோ பொய்யாகவோ முத்திரை வாங்கியது. ஆண் வழி வம்சம் என்பதை இயற்கை என்று நினைத்தவர்கள் இந்தப் புத்தகத்துக்குப் பிறகு அப்படி நினைக்க முடியாது. அது ஒரு சம்பளப் பட்டியலின் விதி.

இப்போது வந்திருப்பது எச்சில் குழாய்க் காலம். 2013-இல் இளவரசர் வில்லியத்தின் தூரத்து உறவினர்களின் மரபணுவைச் சோதித்து, சூரத்தில் வாழ்ந்த எலிசா கெவார்க் என்ற அவருடைய மூதாதைக்கு இந்தியத் தாய்வழி உண்டு என்று அறிவித்தார்கள். அதன்பின் கொல்கத்தா வேர் உள்ள ஒவ்வொரு குடும்பமும் சதவீதக் கணக்குக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. சோதனை பிடித்தது அம்மாவிலிருந்து மகளுக்குப் போகும் இழையை என்பதுதான் இதில் ருசியான விஷயம். ஏடு எழுதியவர்கள் விட்டுவிட்ட அதே இழை. ஆனால் சதவீதம் பெயர் சொல்லாது. அவள் எந்தத் தெருவில் இருந்தாள், எவ்வளவு கூலி வாங்கினாள், பிள்ளையைக் கிதிர்பூரில் விட்டபிறகு பார்க்கப் போனாளா என்று சொல்லாது.

தேட வேண்டிய இடங்கள் கொல்கத்தாவிலேயே இருக்கின்றன. 1789-இல் தொடங்கிய ஃப்ரீ ஸ்கூலின் வழிவந்த பள்ளி இன்று கிதிர்பூரில் புனித தாமஸ் பெயரில் நடக்கிறது. முர்கிஹட்டாவில் கல்யாண ஏடுகள், ஹைகோர்ட்டில் பழைய சுப்ரீம் கோர்ட் வழக்குகள், மேற்கு வங்க அரசு ஆவணக் காப்பகத்தில் காவல்துறைக் கோப்புகள். பேரன் பேத்திகள் டிக்கெட் எடுத்து வந்து பார்ப்பது என்னவோ பார்க்க அழகான சவுத் பார்க் ஸ்ட்ரீட்டைத்தான். அவர்கள் ஆள் அங்கே இல்லை. இந்த ஏடுகளை வாசிக்க வங்காளமும் போர்ச்சுகீசியமும் தெரிந்தவர்கள் வேண்டும். லண்டன் நகலை வைத்துக்கொண்டு இனி ஒரு அடிகூட நகர முடியாது.

நம் அரசியல் சட்டமும் அம்மாவை விட்டுவிட்ட அந்த ஏடுகளின் பக்கமே நிற்கிறது. ஆங்கிலோ இந்தியர் யார் என்பதற்கு 366(2)-ஆம் பிரிவு தரும் விளக்கம் அப்பன் வழியை மட்டுமே பார்க்கிறது. 2020 ஜனவரியில் 104-ஆம் திருத்தத்தோடு மக்களவை, சட்டசபை நியமன இடங்கள் போய்விட்டன, விளக்கம் மட்டும் இருக்கிறது. ஐந்து தலைமுறையாக ரயில்வே காலனியில் வாழ்ந்த குடும்பத்துப் பெண் ஒரு வங்காளியைக் கட்டிக்கொண்டால், அவள் பிள்ளை அந்தக் குடும்பத்தில் பிறந்ததாகச் சட்டத்துக்குத் தெரியாது.